எழில்மொழி கொண்டுபோன நல்ல சேதிகள்

எழில்மொழிக்கு வாய் சும்மா இருக்காது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள், அவருடைய மகள் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், மருமகன் குடிப்பானா மாட்டானா என்பது வரைக்கும் கேட்டு வாங்கிவிடுவாள். தன் கதையில் பாதியையும் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். "ஒங்கிட்ட ஒண்ணு சொல்றதும் மைக் செட்டுக்காரன்கிட்ட சொல்றதும் ஒண்ணுதான்டி" என்பான் அவள் புருஷன் இளம்பரிதி. அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். "பேசாம இருந்தா எனக்கு நெஞ்ச அடைக்குதுங்க" என்று சிரிப்பாள்.

அவள் பார்த்த வேலைக்கும் அந்த வாய் வேண்டித்தான் இருந்தது. திருவாரூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் 'கைப்பிடி' என்று ஒரு சின்ன அறக்கட்டளை. ஜெயிலில் இருப்பவர்களின் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அப்பன் உள்ளே போனதும் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடுகிற பிள்ளையைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். ஆதார் அட்டைக்கு அலைவார்கள். அம்மாக்காரிக்கு ஒரு தையல் மெஷினோ இட்லிக் கொப்பரையோ ஏற்பாடு செய்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளைகளைத் திருச்சி ஜெயிலுக்கு மனுப் பார்க்க அழைத்துப் போவார்கள். உள்ளே இருப்பவரைப் போய்ப் பார்ப்பதற்கு இந்தப் பக்கம் மனுப் பார்ப்பது என்றுதான் பெயர்.

வர மாட்டேன் என்று அடம் பிடிக்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குப் பதிலாக எழில்மொழியே போய், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு சேதி சொல்லுவாள். "ஒங்க மவன் கபடியில கப்பு வாங்கிட்டான், அப்படியே ஒங்க தெனாவெட்டு" என்பாள். "சின்னது முன் பல்லு விழுந்து சிரிக்குது, பாத்தீங்கன்னா விடமாட்டீங்க" என்பாள். அரிவாள் தூக்கிய ஆட்களெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை மாதிரி அழுவார்கள். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு கூட வேண்டாம், மனசு நிறைந்துவிடும்.

இவ்வளவு பேசுகிறவள் ஒன்றை மட்டும் பேச மாட்டாள். இது ஜெயிலில் இருப்பவர் பிள்ளை என்று ஊருக்குள் ஒரு ஈ காக்காயிடம் கூடச் சொல்ல மாட்டாள். கட்டிய புருஷனிடமும் சொன்னதில்லை. கைப்பிடியின் சட்டம் அது என்பாள் கேட்டால். சட்டமாவது ஒன்றாவது, அது அவள் பட்ட பாடு.

கீழ்வேளூருக்குத் தெற்கே உள்ள ஒரு கிராமத்தில் கூலிக்காரர் வீட்டில் பிறந்தவள் அவள். வாய்க்கால் தண்ணீர் யாருக்கு முதலில் என்ற தகராறில் அப்பா வீரையன் மண்வெட்டியை ஓங்க, எதிராளி வரப்பிலேயே விழுந்து செத்தான். வீரையன் உள்ளே போனபோது எழில்மொழி இரண்டாம் வகுப்பு. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே போய்விட்டது. "ஏ ஜெயிலு, தள்ளி ஒக்காரு" என்பார்கள். சத்துணவு வரிசையில் அவளுக்கு முன்னால் நிற்கிற பிள்ளை தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும். அம்மா பொன்னுத்தாய் ஒரு தடவைகூட அவளை மனுப் பார்க்கக் கூட்டிப்போகவில்லை. "அவன் செத்துட்டான்னு நெனச்சுக்க" என்று சொல்லிவிட்டு நாற்றுப் பறிக்கப் போய்விடுவாள். வருஷங்கள் கழித்து வீரையன் விடுதலையாகி வந்தபோது வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்து, "நீ யாரு புள்ள, பொன்னுத்தாய் இல்லியா?" என்று கேட்டார். பாவி மனுஷன், பெற்ற மகளை அடையாளம் தெரியவில்லை. அடுத்த பொங்கல் வருவதற்குள் செத்தும் போனார்.

அந்த ஒரு கேள்விதான் எழில்மொழியை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது. எந்தப் பிள்ளைக்கும் அப்பன் முகம் மறக்கக் கூடாது, எந்தப் பிள்ளையையும் ஊர் 'ஜெயிலு' என்று கூப்பிடக் கூடாது. இந்த இரண்டையும் அவள் சாமி மாதிரி கும்பிட்டாள். இரண்டும் ஒரு நாள் ஒன்றோடொன்று மோதும் என்று யார் நினைத்தார்கள்?

சான்ட்ராவின் கேஸ் கைப்பிடிக்கு வந்தபோது அந்தப் பெண்ணுக்கு ஆறு வயது. அப்பன் ஆன்டோ லாரி டிரைவர், தஞ்சாவூர்ப் பக்கம். பொண்டாட்டி மேல் சந்தேகம். வேறொரு காரணமும் இல்லை, அவள் சிரித்துப் பேசுகிறவள், அவ்வளவுதான். ஓர் ஆடி மாதம் ஆறு நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆன்டோ பொண்டாட்டிக்கு ஒரு புதுச் சேலை எடுத்து வந்தான். கட்டிக்க, மதகுக்குப் போய் போட்டோ எடுத்துக்கலாம் என்றான். பல நாள் சண்டைக்குப் பிறகு புருஷன் புதுச் சேலை எடுத்து வந்தால் எந்தப் பொம்பளைதான் சந்தோஷப்பட மாட்டாள்? தலைக்குப் பூ வைத்துக்கொண்டு, பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தது ஆன்டோவும் பிள்ளையும்தான். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். ஊரே நம்பியது, பிள்ளை வாயைத் திறக்கும் வரைக்கும்.

கோர்ட்டில் அந்தக் குழந்தை சொன்னது இரண்டே வாக்கியம். "அப்பா அம்மாவுக்குப் புதுச் சேல எடுத்துக் குடுத்தாங்க. அப்புறம் தண்ணியில அமுக்கிட்டாங்க." ஆயுள் தண்டனை.

செத்துப்போனவளின் அக்கா செபஸ்தியம்மாள், புருஷன் இல்லாதவள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாருக்கும் தெரியாத ஊராகப் பார்த்துக் கீழ்வேளூருக்கு வந்தாள். நாகப்பட்டினம் ரோட்டோரம் ஓர் இட்லிக் கடை போட்டாள். அம்மா காய்ச்சலில் போய்விட்டாள், அப்பன் குவைத்தில் இருக்கிறான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தாள். இந்தப் பக்கம் வீட்டுக்கு ஓர் ஆள் வெளிநாட்டில் இருப்பதால் யாரும் துருவவில்லை. சந்தேகம் வரக் கூடாது என்று எழில்மொழி நாகூர்க் கடைகளில் வெளிநாட்டு சோப்பும் கோடாலித் தைலமும் வாங்கி வந்து கொடுப்பாள். "குவைத் பார்சல் வந்துருச்சா?" என்று பக்கத்து வீட்டார் கேட்டால் சான்ட்ரா தலையாட்டுவாள். அந்தப் பெண் அதிகம் பேசாது. ஆற்றுப் பக்கம் போகாது. குளிக்கும்போதுகூட முகத்தில் தண்ணீர் ஊற்ற விடாது.

ஆன்டோவைப் பார்க்கப் போனபோது எழில்மொழி ஒரு மிருகத்தை எதிர்பார்த்துத்தான் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் மெலிந்து, தலை குனிந்து, கழுத்தில் ஜெபமாலையோடு இருந்தான். "அக்கா, நான் பாவி. எனக்கு ஒண்ணும் வேணாம். பாப்பா நல்லா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றான். அழுதான். நல்ல மனசுக்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒருவன் அழுதுவிட்டால் திருந்திவிட்டான் என்று எடுத்துக்கொள்வார்கள். எழில்மொழிக்கு அவன் முகத்தில் வீரையன் தெரிந்தார். அவ்வளவுதான், வாய் திறந்துகொண்டது.

பெரியம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு முன்னால், சான்ட்ராவையும் திருச்சிக்கு அழைத்துப் போனாள். பிள்ளை ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்தது. ஆன்டோ ஏதோ சொன்னான், மெதுவாக, சிரித்த முகமாக. பிள்ளையின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வந்தது. ரிசீவரை வைத்துவிட்டு, திரும்பி எழில்மொழியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. ரத்த பாசம் விடுமா என்று எழில்மொழியும் கூட அழுதாள். ஆபீசில் எல்லோருக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

அதற்குப் பிறகு சான்ட்ரா திருச்சிப் பேச்சை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. "லைட்ட அணைக்க விட மாட்டேங்குது டீச்சர். பக்கெட்ல தண்ணி நெறைஞ்சிருந்தா ஊத்திட்டு வந்துருது. என்னன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது" என்று செபஸ்தியம்மாள் புலம்பினாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்துபோகிறவள் என்பதால் எழில்மொழி எல்லோருக்கும் டீச்சர்தான். "அப்பன் ஏக்கம்க்கா, போகப் போகச் சரியாயிரும்" என்றாள் எழில்மொழி. பிள்ளை வராததால் அவளே மனுப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள், நல்ல சேதிகளை மடி நிறையக் கட்டிக்கொண்டு.

"பாப்பா பள்ளிக்கூடத்துக்கு யாருகூடப் போவுதுக்கா?" என்று கேட்பான் ஆன்டோ.

"யாரும் வேணாம். தனியாவே போயிட்டு வந்துரும், அவ்ளோ சமத்து."

"இப்ப என்ன ஒசரம் இருக்கும்?"

எழில்மொழி எழுந்து நின்று, தன் தோளுக்குக் கீழே கையை வைத்துக் காட்டுவாள். "இந்தா, இது வரைக்கும் வருது. போன வருஷத்து கவுனெல்லாம் பத்தல."

"ஒடம்பு?"

"ஒல்லிதான். ஒங்கள மாதிரி."

அவன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு கேட்பான்: "அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்காக்கா?"

"சின்னப் புள்ளதானே, மறந்திருக்கும். நீங்க அதையே நெனச்சு உருகாதீங்க."

"தண்ணின்னா பயப்படுதா?"

"ஆத்துப் பக்கம் போறதில்ல. ஆனா ஒண்ணு, வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு நடக்குறவங்களுக்குக் கீழ்வேளூர்ல பந்தல் போட்டுத் தண்ணி குடுப்பாங்கல்ல, அதுல வருஷா வருஷம் நம்ம சான்ட்ராதான் முன்னாடி நிக்கும். அந்த ஒரு நாளு மட்டும் பாலம் தாண்டக்கூடப் பயப்படாது, சிரிச்ச முகமா இருக்கும், நீங்க பாக்கணுமே!"

"எந்தப் பக்கம்க்கா பந்தல்?"

"மெயின் ரோட்லதான், ஆத்துப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி."

இப்படித்தான் வருஷக்கணக்கில் போனது. கேட்டது அவன், அள்ளிக் கொடுத்தது இவள். ஒரு தகப்பன் கேட்கக் கூடாத கேள்வி அதில் ஒன்றும் இல்லை. அதுதான் வினையாகிப் போனது.

போன வருஷம் அவன் விடுப்புக்கு விண்ணப்பம் போட்டான். தண்டனைக் கைதிகளைச் சில நாள் வீட்டுக்கு அனுப்புகிற விடுப்பு. திருப்பனந்தாளில் இருக்கும் அவன் அக்கா வீட்டில் தங்க வேண்டும், அங்கேயே ஸ்டேஷனில் தினமும் கையெழுத்துப் போட வேண்டும், கீழ்வேளூர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று நிபந்தனை. விசாரித்து எழுத வேண்டிய நன்னடத்தை அலுவலர் ஃபஹ்மிதா, எழில்மொழிதான் மாதாமாதம் அவனைப் பார்க்கிறவள் என்பதால் அவளிடம் போனில் கேட்டார்.

"நீங்க நிச்சயமா சொல்றீங்களா? எனக்கு அந்தப் புள்ளைய நெனச்சாத்தான் யோசனையா இருக்கு."

"மேடம், அவரு மாறிட்டாரு. நான் கியாரண்டி."

செபஸ்தியம்மாள் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். "டீச்சர், ஒங்களுக்கு அவனத் தெரியாது. எந்தங்கச்சியும் இப்படித்தான் மாறிட்டான் மாறிட்டான்னு சொல்லிக்கிட்டே போய்ச் சேந்தா." எழில்மொழி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினாள். அவள் பேச்சுக்கு முன்னால் யார் நிற்க முடியும்? செபஸ்தியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னமோ போங்க" என்றாள்.

ஆவணி பிறந்து, வேளாங்கண்ணியில் கொடியேற்றத்துக்கு இன்னும் சில நாட்கள் இருக்கும்போது விடுப்பு கிடைத்தது. ஆன்டோ திருப்பனந்தாளுக்கு வந்து சேர்ந்தான். எழில்மொழி கீழ்வேளூருக்குப் போய், வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த சான்ட்ராவிடம் பக்குவமாகச் சொன்னாள்.

"அப்பா கொஞ்ச நாளு லீவுல வந்திருக்காங்கடா. இங்கல்லாம் வர மாட்டாங்க. போன்ல வேணும்னா ஒரு வார்த்த பேசுறியா?"

பிள்ளையின் கையிலிருந்த பென்சில் நின்றது. "அம்மா தனியா இருக்காளாம்" என்றது.

"என்னது?"

"அன்னைக்குத் திருச்சியில போன்ல சொன்னாங்க. பாப்பா, அங்க அம்மா தனியா இருக்கா, ஒன்னக் கேட்டுக்கிட்டே இருக்கா, அப்பா வந்து கூட்டிட்டுப் போய் விடுறேன்னு."

ரத்த பாசம் என்று தான் அன்றைக்கு அழுதது இதற்கா என்று எழில்மொழிக்குப் பட்டது. ஆனாலும் அவள் வாய் இருக்கிறதே, அதற்குச் சமாதானம் சொல்லத்தான் தெரியும். கல்லறையைச் சொல்லியிருப்பார், அம்மா கல்லறைக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருப்பார் என்று பிள்ளையிடமும் சொன்னாள், ஸ்கூட்டியில் திரும்பும்போது தனக்கும் சொல்லிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவளை, "என்னடி, இன்னைக்கு மைக் செட்டு ரிப்பேரா?" என்று இளம்பரிதி சீண்டினான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ஆபீசில் இருந்தபோது ஆன்டோவின் அக்கா போன் செய்தாள்.

"அவன் அங்க வந்தானாங்க? நேத்துலேந்து ஆளக் காணும். ஸ்டேஷன்லேந்து வந்து கேக்குறாங்க."

"எங்க போறேன்னு சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலீங்க. காவி வேட்டி எடுத்துக் கட்டியிருந்தான். மாதா கோயிலுக்கு வேண்டுதலாம். நடந்து போற கூட்டத்தோட போயிட்டான் போலருக்கு."

ரிசீவரில் ஆன்டோ கேட்ட கேள்விகளெல்லாம் எழில்மொழியின் முன்னால் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்றன. தனியாகவா போகிறது? என்ன உயரம்? எந்தப் பக்கம் பந்தல்? அத்தனைக்கும் பதில் சொன்னது தன்னுடைய குரல் என்பது காதில் கேட்டது. ஃபஹ்மிதாவுக்குப் போன் போட்டாள். "நான் போலீசுக்குச் சொல்றேன், நீங்க மொதல்ல அந்தப் புள்ளகிட்டப் போங்க" என்றார் அவர். செபஸ்தியம்மாளுக்குப் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. பந்தலில் ஸ்பீக்கர் அலறும், இன்றைக்கு யார் போனை எடுப்பார்கள்?

திருவாரூரிலிருந்து கீழ்வேளூருக்கு ஸ்கூட்டியில் எத்தனையோ தடவை போயிருக்கிறாள். அன்றைக்கு ரோடு முழுக்க, வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் கட்டுகிற காவி. ஆணும் பெண்ணும் பிள்ளை குட்டிகளும் சாரி சாரியாக நடந்துகொண்டிருந்தார்கள். மாதா சுரூபம் வைத்த சின்னச் சப்பரங்களை இழுத்துக்கொண்டு, "மரியே வாழ்க" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போனார்கள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் குறுவை பழுத்து நின்றது. எழில்மொழி ஒவ்வொரு முதுகாகக் கடந்து, திரும்பித் திரும்பி முகம் பார்த்தாள். மெலிந்த ஆண் எல்லோரும் ஆன்டோவாகத் தெரிந்தார்கள். வழக்கமாக இவர்களைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி எந்த ஊர் என்று விசாரிப்பவள், அன்றைக்கு ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனாள். "மாதா புள்ளைங்கள ஒதுங்கச் சொல்றியே, அப்படி என்னம்மா அவசரம்?" என்று ஒரு பெரியவர் ஏசினார்.

பந்தலில் செபஸ்தியம்மாள் அண்டாவில் எலுமிச்சை ஜூஸ் கலக்கிக்கொண்டிருந்தாள். முன்னால் சான்ட்ரா நிற்கிற இடம் காலியாக இருந்தது.

"புள்ள எங்கக்கா?"

"ஐஸ் தீந்துருச்சு, வாங்கிட்டு வரப் போயிருக்கு. ஏன் டீச்சர், மொகமெல்லாம் இப்படி..."

"அக்கா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

இவ்வளவு நாள் ரிசீவர் வழியாக வந்த குரல், இப்போது நேராக வந்தது. காவி வேட்டி, காவித் துண்டு, வெறுங்கால், தோளில் ஒரு துணிப்பை. கையில் பந்தலின் டம்ளர். தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு ஆன்டோ சிரித்தான். "நல்லாருக்கீங்களாக்கா? பாப்பா எங்க?"

பிறந்ததிலிருந்து கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்ததில்லை எழில்மொழி. அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பந்தலைப் பொறுப்பெடுத்து நடத்துகிற ரெத்தினம், தங்கமான மனுஷர், பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு, சான்ட்ராவா? ஹபீப் முகம்மது கடைக்கு ஐஸுக்குப் போயிருக்கு தம்பி. பாலத்துக்கு அந்தாண்ட. இந்நேரம் பாலத்து மேல வந்துக்கிட்டு இருக்கும். நீங்க யாரு, ஒறவா?"

"ஆமாங்க" என்றான் ஆன்டோ. டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். வாயைத் துடைத்துக்கொண்டான். "வர்றேன்க்கா." பாலத்தைப் பார்த்து நடந்தான். அவசரமே இல்லை அவனுக்கு. நாலு எட்டு வைத்தால் அந்தக் காவிக் கூட்டத்தில் எது அவன் முதுகு என்றே தெரியாது.

ஓடிப்போய் அவனைப் பிடித்து நிறுத்த அவளுக்குத் தெம்பு இல்லை. திருடன் என்று கத்தலாம், அதற்குள் அவன் ஏதாவது சொல்லித் தப்பித்துவிடுவான். உண்மையைச் சொன்னால்தான் கூட்டம் நிற்கும். உண்மையைச் சொன்னால் நாளையிலிருந்து சான்ட்ராவுக்கு இந்த ஊரில் என்ன பெயர் என்பது எழில்மொழிக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? அவள் வாய் திறந்தது.

"புடிங்க! அவனப் புடிங்க! பொண்டாட்டிய ஆத்துல அமுக்கிக் கொன்னவன்! ஜெயில்லேந்து வந்திருக்கான்! சான்ட்ராவோட அப்பன் அவன், புள்ளையக் கொல்ல வந்திருக்கான்!"

செபஸ்தியம்மாள் கையிலிருந்த கரண்டி அண்டாவுக்குள் விழுந்தது. ஸ்பீக்கரை யாரோ அணைத்தார்கள். சப்பரம் இழுத்து வந்த பையன்கள் கயிற்றைப் போட்டுவிட்டு அவனைச் சுற்றி வளைத்தார்கள். ஆன்டோ ஓடவில்லை, திமிறவில்லை. கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றான்.

"ஆமாங்க, தப்புப் பண்ணுனவன்தான். எம் பொண்ண ஒரு தடவ பாத்துட்டு மாதா கோயிலுக்குப் போலாம்னு வந்தேன். வேற ஒண்ணும் இல்லீங்க."

திருவிழாப் பாதுகாப்புக்கு நின்றிருந்த போலீஸ்காரர் வந்து பையைப் பிடுங்கிப் பந்தல் பெஞ்சில் கொட்டினார். கத்தி கபடா என்று ஒன்றும் இல்லை. ஒரு சீப்பு, ஒரு ஜெபமாலை, கவரில் சுற்றிய ஒரு புதுத் துணி. கவரைப் பிரித்தார். காவிப் பாவாடை, காவிச் சட்டை. ஒல்லியான, எழில்மொழியின் தோளுக்குக் கீழே வருகிற ஒரு பெண் பிள்ளையின் அளவு.

கூட்டம் உச்சுக் கொட்டியது. "பெத்த பாசம்ங்க" என்றாள் ஒருத்தி. ரெத்தினம் எழில்மொழியைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, ஆசையாத் துணி எடுத்துட்டு வந்திருக்கான். இதுக்குப் போயி நடு ரோட்டுல இப்படியா? அந்தப் புள்ள இனிமே ஊருக்குள்ள எப்படித் தல நிமிந்து நடக்கும்?"

அந்தக் கேள்வி அவளுக்கு உறைத்தது. கூட்டம் விலகி வழி விட்டதால் திரும்பிப் பார்த்தாள். ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு சான்ட்ரா வந்துகொண்டிருந்தது. போகும்போது "ஓடு ஓடு, சீக்கிரம் வா" என்று கன்னத்தைத் தட்டி அனுப்பியவர்கள் இப்போது ஒதுங்கி நின்று பார்த்தார்கள். முன்னால் நின்ற ஒரு பெண் தன் பிள்ளையைப் பிடித்து மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எழில்மொழிக்கு அந்த இழுப்பு தெரியும். சத்துணவு வரிசையில் பார்த்ததுதான்.

சான்ட்ரா ஐஸைக் கீழே வைத்தது. அப்பாவைப் பார்க்கவில்லை. பெஞ்சின் மேல் விரிந்து கிடந்த பாவாடையையும் சட்டையையும் பார்த்துக்கொண்டே நின்றது. ஐஸ் உருகிக் காலடியில் தண்ணீர் தேங்கியது. அதை மிதிக்காமல் ஓர் எட்டு பின்னால் நகர்ந்து எழில்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டது.

"அம்மாவுக்கு மாதிரி எனக்கும் புதுசு எடுத்துட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டது.

துணியை எடுத்து மடிக்கப் போன போலீஸ்காரரின் கை அப்படியே நின்றது.